கிரீன் கார்ட் லொத்தர்: யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்முகத்தன்மை வீசா, சுருக்கமாக டி.வி. வீசா என்று அமெரிக்க அரசு சொல்வதைத்தான் நம்மவர்கள் கிரீன் கார்ட் லொத்தர் என்கிறார்கள். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் அனுமதிக்கு ஆட்களைக் குலுக்கலில் தெரிவு செய்யும் திட்டம் இது. தகுதி விதிகள் அடிப்படையில் இரண்டே: எந்த நாட்டில் பிறந்தீர்கள், எவ்வளவு படித்தீர்கள். ஆனால் தகுதி இருந்தும் தெரியாமல் ஒதுங்கி நிற்பவர்கள் உண்டு. தகுதியே இல்லாமல் ஏஜென்சிக்குப் பணம் கட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேரையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு முக்கியமான விஷயம். 2025 டிசெம்பரில் இந்தத் திட்டத்தை இடைநிறுத்துவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. கீழே இருப்பவை திட்டத்தின் தகுதி விதிகள். பதிவு இப்போது திறந்திருக்கிறதா என்பதை அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்த பிறகே எதையும் செய்யுங்கள். “எங்களுக்கு மட்டும் பதிவு திறந்திருக்கிறது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தத் திட்டம் எதற்காக வந்தது?

1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் உருவாகி, 1995 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. உறவினர் அழைப்பாலும் வேலை வழியாகவும் சில நாட்டவர்களே பெருந்தொகையாக அமெரிக்கா போகிறார்கள். மற்ற நாட்டவர்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதே நோக்கம். ஆண்டுக்கு 55,000 வீசாக்கள். அதில் 5,000 வரை, மத்திய அமெரிக்க நாட்டவர்களுக்காக 1997இல் வந்த இன்னொரு சட்டத்துக்குப் போய்விடுகிறது. உலகை ஆறு பிராந்தியங்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் ஓர் ஆண்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது.

இலங்கையில் பிறந்தவர் விண்ணப்பிக்கலாமா? இந்தியாவில் பிறந்தவர்?

இலங்கை தகுதியுள்ள நாடு. இந்தியா இல்லை. முந்தைய ஐந்து ஆண்டுகளில் குடும்ப, வேலைவாய்ப்பு வழிகளில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகளை விலக்கிவிடுகிறார்கள். இந்தியா, சீனா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கனடா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், தென்கொரியா, வியட்நாம், நைஜீரியா, பிரேசில் போன்றவை அண்மைய ஆண்டுகளில் விலக்கப்பட்ட பட்டியலில் இருந்தன. பட்டியல் ஆண்டுதோறும் புதிதாக வெளிவரும். ஒரு நாடு உள்ளே வரலாம், இன்னொன்று வெளியே போகலாம். ஆகவே போன வருடப் பட்டியலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பிறந்த நாடு என்கிறார்கள். என் கடவுச்சீட்டு வேறு நாட்டுடையது. எதைப் பார்ப்பார்கள்?

பிறந்த இடத்தை. கடவுச்சீட்டு, குடியுரிமை, இப்போது வசிக்கும் நாடு எதுவும் இதில் கணக்கில்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். நம் மக்களின் இடப்பெயர்வு வரலாறு அப்படி.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு மலையகத்திலிருந்து ஏராளமானோர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நுவரெலியாவில் பிறந்து, சிறுவயதில் கப்பலேறி, இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும் ஒருவர் இந்த விதிப்படி இலங்கையில் பிறந்தவர். “நான் இந்தியன், எனக்கு இல்லை” என்று அவர் ஒதுங்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழை மட்டும் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய தோட்டப் பதிவுகளிலிருந்து அதைப் பெறுவது சிலருக்குப் பெரும்பாடாக இருக்கும். ஆகவே தெரிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

வளைகுடாவில் பிறந்த பிள்ளைகளும் இப்படித்தான். அப்பாவும் அம்மாவும் திருச்சிக்காரர்கள், மகன் பிறந்தது குவைத்தில், கடவுச்சீட்டு இந்தியாவுடையது என்றால் அவர் குவைத்தில் பிறந்தவராகவே கணக்கிடப்படுவார். குவைத் அந்த ஆண்டுப் பட்டியலில் தகுதி பெற்றிருந்தால் போதும். துபாய், மஸ்கட், கோலாலம்பூர், சிங்கப்பூர் எதுவானாலும் இதே கணக்கு.

கனடாவில் இது தலைகீழாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் கனடியக் குடியுரிமையோடு வாழும் தாய்க்குத் தகுதி உண்டு. ஸ்காபரோவில் பிறந்த அவருடைய மகளுக்குச் சொந்தமாக இல்லை. கனடாவில் இருப்பவர்களுக்கு நேர்முகம் மொன்றியல் துணைத்தூதரகத்தில் நடக்கும்.

நான் மதுரையில் பிறந்தவன். மனைவி வவுனியாவில் பிறந்தவர். வழி உண்டா?

உண்டு. வாழ்க்கைத்துணை பிறந்த நாட்டைக் காட்டி நீங்கள் விண்ணப்பிக்கலாம். மனைவியின் பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் வீசா கிடைக்க வேண்டும், இருவரும் ஒன்றாகவே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். படிவத்தில் “பிறந்த நாடு” வேறு, “தகுதி கோரும் நாடு” வேறு. முதலாவதில் இந்தியா என்றும் இரண்டாவதில் இலங்கை என்றும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் இலங்கை என்று போட்டுவிட்டால் நேர்முகத்தில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தவுடனேயே விஷயம் முடிந்துவிடும்.

பெற்றோரின் நாட்டை வைத்து விண்ணப்பிக்கலாமா?

ஒரே ஒரு சூழ்நிலையில். நீங்கள் பிறந்த நாட்டில் உங்கள் பெற்றோர் இருவருமே பிறந்திருக்கவும் கூடாது, நீங்கள் பிறந்த நேரத்தில் அங்கே வசித்திருக்கவும் கூடாது. அப்படியானால் அவர்களில் ஒருவர் பிறந்த நாட்டைக் கோரலாம். யாழ்ப்பாணத்தில் குடியிருந்த பெற்றோர் வைத்தியத்துக்காகச் சென்னை போயிருந்தபோது அங்கே பிறந்த குழந்தை இதற்குப் பொருத்தமான உதாரணம். பெற்றோர் அங்கே தற்காலிகமாகத்தான் இருந்தார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது விண்ணப்பதாரர் பொறுப்பு.

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அப்பா அம்மா இலங்கையர், இந்தியக் குடியுரிமையும் இல்லை, ஆகவே இலங்கை என்று போடலாமே என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் வசிப்பிடம் என்பது ஒருவர் உண்மையில் குடியிருந்த இடம். திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா என்று பார்க்காது. மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பெற்றோரை அங்கே வசிக்கவில்லை என்று வாதிடுவது கடினம். இறுதி முடிவு வீசா அதிகாரியுடையது. என் கருத்தைக் கேட்டால், இலங்கையில் பிறந்த வாழ்க்கைத்துணை உள்ளவர்கள் அந்த வழியையே எடுக்கட்டும். மற்றவர்கள் இதை நம்பிக் கடன்பட வேண்டாம். எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுவும் மூடிய கதவாக இருப்பது மனதை வருத்துகிறது. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

சாதாரண தரம் மட்டும் படித்திருக்கிறேன். போதுமா?

அது மட்டும் போதாது. ஆரம்பக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் சேர்ந்து 12 ஆண்டு முறையான பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண தரம் 11ஆம் ஆண்டோடு முடிகிறது. உயர்தரம் படித்துச் சித்தியடைந்தவர்கள்தான் உறுதியான நிலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பிளஸ் டூ. பள்ளிக்குப் போகாமல் சமநிலைத் தேர்வு மட்டும் எழுதிப் பெற்ற சான்றிதழை ஏற்கமாட்டார்கள்.

பதிவு செய்யும்போது சான்றிதழ் கேட்கமாட்டார்கள். அதனால் “இப்போது போட்டு வைப்போம், பிறகு பார்ப்போம்” என்று சிலர் சொல்வார்கள். நேர்முகத்தில் மூலச் சான்றிதழ் இல்லாவிட்டால் கட்டிய பணம் திரும்பாது.

படிப்புக்குப் பதில் வேலை அனுபவம் காட்டலாமா?

விதியில் இடம் உண்டு: கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு அனுபவம். ஆனால் எந்த வேலையும் ஆகாது. அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் ‘ஓநெட்’ என்ற தொழில் தரவுத்தளத்தில் 4ஆம் அல்லது 5ஆம் மண்டலத்தில் இருக்கும் வேலையாக இருக்க வேண்டும். கணக்காளர், சிவில் பொறியியலாளர், மென்பொருள் உருவாக்குநர் எல்லாம் அந்த வகை. வயரிங் வேலை தெரிந்தவர், லொறி ஓட்டுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவர்களுடைய தொழில் கீழ் மண்டலத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மேல் மண்டல வேலைகளுக்குப் பெரும்பாலும் பட்டம் தேவை; பட்டம் உள்ளவர் ஏற்கெனவே 12 ஆண்டு படித்தவர்தானே. ஆகவே இந்த வழியில் உண்மையில் பயன்பெறுபவர்கள் மிகச் சிலர்.

வயது எல்லை உண்டா?

இல்லை. படிப்பு விதியால் 18க்குக் கீழ்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் தானாகவே விலகிவிடுவார்கள். மேல் எல்லை கிடையாது.

கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போடலாமா?

இருவருக்கும் தகுதி இருந்தால் தாராளமாக. ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தில் மற்றவரையும் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். யாருடைய பெயர் விழுந்தாலும் முழுக் குடும்பமும் போகலாம். ஆனால் ஒருவர் பெயரில் ஓர் ஆண்டில் ஒரே ஒரு விண்ணப்பம்தான். நீங்கள் ஒன்று, உங்களுக்குத் தெரியாமல் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஒன்று என்று இரண்டு போய்விட்டால் இரண்டுமே தள்ளப்படும். வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புத் தகுதி முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டுமே. கணவர் பத்தாம் ஆண்டோடு நிறுத்தியவர், மனைவி உயர்தரம் முடித்தவர் என்றால் மனைவி பெயரில் போடுங்கள். ஆண் பெயரில்தான் போட வேண்டும் என்று நினைத்து வாய்ப்பை இழக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

யார் யாரை விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்?

வாழ்க்கைத்துணை, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரையும். அவர்கள் உங்களோடு வரப்போவதில்லை என்றாலும், வேறு வீட்டில் வளர்கிறார்கள் என்றாலும், முந்தைய திருமணத்துப் பிள்ளை, துணையின் பிள்ளை, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை என்றாலும் சேர்த்தே ஆக வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ ஏற்கெனவே உள்ளவர்களைச் சேர்ப்பது கட்டாயமில்லை. நீதிமன்றத்தின் மூலம் சட்டப்படி பிரிந்த துணையைச் சேர்க்கத் தேவையில்லை. பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாக இருப்பது அப்படிப்பட்ட பிரிவு ஆகாது, அந்தத் துணையின் பெயர் இருக்க வேண்டும்.

ஒரு பிள்ளையை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் வீசா இல்லாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, முழுக் குடும்பத்தின் விண்ணப்பமும் தள்ளுபடியாகும்.

பதிவுக்குப் பிறகு திருமணமோ குழந்தைப் பிறப்போ நடந்தால் பின்னர் சேர்க்கலாம். அப்போது திருமணத்தை நன்றாகத் துருவிப் பார்ப்பார்கள், ஏனென்றால் தெரிவான பிறகு பணத்துக்காக நடக்கும் பொய்க் கல்யாணங்கள் அவர்களுக்குத் தெரியும். “இவரைக் கட்டிக்கொண்டால் உங்கள் செலவு முழுவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். பொய் சொல்லி வீசா பெற முயன்றதாகப் பதிவானால் அமெரிக்கக் கதவு உங்களுக்கு வாழ்நாள் முழுவதும் மூடப்படலாம்.

படம் எப்படி இருக்க வேண்டும்?

சதுரம், 600க்கு 600 பிக்சல், ஜேபெக் வடிவம், 240 கிலோபைட்டுக்கு மேற்படக் கூடாது. வெள்ளை அல்லது அதற்கு நெருங்கிய பின்னணி, மூக்குக்கண்ணாடி இல்லாமல், கடந்த ஆறு மாதங்களுக்குள் எடுத்தது. போன ஆண்டுப் படத்தையே போட்டால் கணினி கண்டுபிடித்துவிடும், விண்ணப்பம் தள்ளப்படும். ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள்; வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கட்டணம் எவ்வளவு? கடவுச்சீட்டு தேவையா?

நீண்ட காலம் பதிவு இலவசமாகவே இருந்தது. 2025இல் ஒரு டொலர் பதிவுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். நேர்முகத்துக்குப் போகும்போது ஆளுக்கு 330 டொலர், வீசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. வைத்தியப் பரிசோதனை, தடுப்பூசி, பயணச்சீட்டு எல்லாம் தனி. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நேர்முகக் கட்டணமே 1,320 டொலர் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவின்போதே கடவுச்சீட்டு விவரம் வேண்டும் என்று 2019இல் விதி போட்டார்கள். 2022இல் நீதிமன்றம் அதை நீக்கியது. 2025இல் அதை மீண்டும் கொண்டுவர முன்மொழிந்தார்கள். ஆகவே பதிவு செய்ய எண்ணமுள்ளவர்கள் செல்லுபடியான கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

ஏஜென்சி மூலம் போட்டால் வாய்ப்புக் கூடுமா?

கூடாது. தெரிவு கணினிக் குலுக்கலில் நடக்கிறது. யாருக்கும் உள்ளே ஆள் கிடையாது.

கணினி பழக்கம் இல்லாதவர்கள் உதவி பெறுவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் அருகிலேயே இருந்து ஒவ்வொரு விவரத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும்; உங்கள் சொந்த மின்னஞ்சலைத்தான் கொடுக்க வேண்டும்; கடைசியில் திரையில் வரும் உறுதிப்படுத்தல் எண்ணை நீங்களே படம்பிடித்து வைத்திருக்க வேண்டும். முடிவு பார்ப்பது அந்த எண்ணால்தான். அது ஏஜென்சியின் கையில் மட்டும் இருந்தால், உங்கள் பெயர் விழுந்ததை அவர்கள் முதலில் அறிந்து, எண்ணைத் தர இலட்சக்கணக்கில் கேட்பார்கள். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நிறைய. எண்ணைத் தொலைத்துவிட்டால் அரசுத் தளத்திலேயே உங்கள் பெயர், பிறந்த திகதி, மின்னஞ்சல் கொடுத்து மீட்டெடுக்கலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

“நீங்கள் வென்றுவிட்டீர்கள்” என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வந்தால் அது பொய். அமெரிக்க அரசு அப்படிச் செய்தி அனுப்புவதில்லை, வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்வதும் இல்லை. வழமையாக ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை பதிவும், அடுத்த மே மாதம் முடிவும் வரும். பார்க்க வேண்டியது அரசுத் தளத்தில் மட்டுமே. முகவரி ‘ஸ்டேட் டொட் கவ்’ என்று முடிகிறதா என்று கவனியுங்கள்.

தெரிவானால் வீசா உறுதிதானே?

இல்லை. டி.வி.-2025க்கு, அதாவது 2025 நிதியாண்டு வீசாக்களுக்கான குலுக்கலுக்கு, உலகெங்கும் சுமார் 2 கோடி விண்ணப்பங்கள் வந்தன. குடும்பத்தினரையும் சேர்த்து ஏறத்தாழ 1,31,000 பேர் தெரிவானார்கள். வீசாவோ அதில் பாதிக்கும் குறைவு. பலர் படிவம் நிரப்பாமல் விட்டுவிடுவார்கள், பலருக்குத் தகுதி இராது என்று தெரிந்தே கூடுதலாகத் தெரிவு செய்கிறார்கள்.

தெரிவானவருக்கு ஒரு வழக்கு எண் வரும். டிஎஸ்-260 என்ற குடிவரவு வீசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிட்டு, மாதந்தோறும் வெளியாகும் வீசா அறிவித்தலில் ஆசியப் பிராந்தியத்துக்கு எந்த எண் வரை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறிய எண்காரர்களுக்கு முதலில் அழைப்பு வரும். பெரிய எண் உள்ளவர்கள் வேலையை விடுவதோ வீட்டை விற்பதோ வேண்டவே வேண்டாம்.

நிதியாண்டு செப்டெம்பர் 30இல் முடியும். அன்று வீசா கையில் இல்லாவிட்டால் அந்தத் தெரிவு செல்லாது, அடுத்த ஆண்டுக்கு நீளாது. கொரோனாக் காலத்தில் தூதரகங்கள் மூடியிருந்ததால் ஆயிரக்கணக்கானோர் இப்படி இழந்தார்கள். வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் வென்றவர்களுக்கும் 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கதவை மூடியது: நிதியாண்டு முடிந்த பிறகு வீசா கொடுக்கும்படி நீதிமன்றமே உத்தரவிட முடியாது என்று சொல்லிவிட்டது.

மகளுக்கு விரைவில் 21 ஆகிறது. அவர் விடுபடுவாரா?

உடனே பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் வயதைப் பாதுகாக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. பதிவு தொடங்கிய முதல் நாளிலிருந்து முடிவு வெளியான நாள் வரை எத்தனை நாட்களோ அத்தனையை அவருடைய வயதிலிருந்து கழிப்பார்கள். டி.வி.-2026க்குப் பதிவு 2024 ஒக்டோபர் 2இல் தொடங்கியது, முடிவு 2025 மே 3இல் வந்தது. ஆக 213 நாட்கள், ஏழு மாதம். உங்கள் வழக்கு எண்ணுக்கு முறை வரும் நாளில் மகளுக்கு 21 வயதும் ஐந்து மாதமும் என்றால், கணக்கில் அவர் இன்னும் 21ஐத் தொடவில்லை. திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு இந்த நேரத்தில் பதிவுத் திருமணம் செய்து வைத்துவிடாதீர்கள்.

பெற்றோர், தம்பி தங்கையைக் கூட்டிப் போகலாமா?

முடியாது. வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் மட்டுமே.

நான் ஏற்கெனவே அமெரிக்காவில் படிக்கிறேன். போடலாமா?

போடலாம். செல்லுபடியான நிலையில் இருந்தால் அங்கிருந்தபடியே நிரந்தர வதிவாளராக நிலை மாற்ற விண்ணப்பிக்கலாம், ஆனால் அதுவும் செப்டெம்பர் 30க்குள் முடிய வேண்டும். வீசா முடிந்து தங்கியிருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேறும் முன் கட்டாயம் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். 180 நாட்களுக்கு மேல் அப்படி இருந்தவர்கள் வெளியேறினால் மூன்று ஆண்டு, ஓர் ஆண்டும் அதற்கு மேலும் என்றால் பத்து ஆண்டு திரும்ப நுழையத் தடை வரும்.

போர்க்காலத்தில் வன்னியில் இருந்தோம். இயக்கத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். இது பாதிக்குமா?

பாதிக்கலாம். விடுதலைப் புலிகளை 1997இல் அமெரிக்கா பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அப்படிப்பட்ட அமைப்புக்குப் பொருள் உதவி செய்தவருக்கு வீசா இல்லை என்பது அமெரிக்கச் சட்டம். பணம், உணவு, தங்குமிடம், வாகனம் எல்லாம் பொருள் உதவிக்குள் வரும். சிறு தொகை என்பதற்காக விடுவதில்லை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது தானாக வராது, காலமும் எடுக்கும். செப்டெம்பர் 30 என்ற கெடு உள்ள இந்த வீசாவில் காலம்தான் இல்லை.

வீட்டுக்கு ஒருவரைக் கேட்ட காலத்தில், கொடுக்காமல் வாழ முடியாத இடத்தில் கொடுத்ததைக் குற்றமாகப் பார்ப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். இருந்தும் படிவத்தில் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். ஊகத்தின் பேரில் “ஆம்” என்று நிரப்பவும் வேண்டாம். டிஎஸ்-260ஐத் தொடும் முன், இந்த விஷயத்தில் அனுபவமுள்ள அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி ஆலோசனை பெறுங்கள். லொத்தர் விஷயத்தில் பணம் செலவழிக்கத் தகுந்த ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்.

பல ஆண்டுகளாகப் போட்டும் விழவில்லை. பழைய விண்ணப்பங்கள் கணக்கில் சேருமா?

சேராது. ஒவ்வோர் ஆண்டும் புதிய விண்ணப்பம், புதிய படம், புதிய எண். முன்பு எத்தனை முறை போட்டீர்கள் என்பதால் வாய்ப்புக் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இடையில் திருமணமானதோ குழந்தை பிறந்ததோ இருந்தால், போன ஆண்டு விவரத்தைப் பார்த்து அப்படியே நிரப்பிவிடாமல் குடும்ப விவரத்தை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.